முழுதாகப் படியெடுப்பதா, பிரிந்த இடத்துக்குத் திரும்புவதா?

போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர் ஒன்றில் பிரைமரி சர்வர் விழுகிறது. ரெப்ளிகாக்களில் ஒன்று அதன் இடத்துக்கு உயர்கிறது, சேவை தொடர்கிறது. சற்று நேரத்தில் பழைய பிரைமரியும் எழுந்து வருகிறது. இனி அது புதிய பிரைமரியைப் பின்தொடரும் ரெப்ளிகாவாக இருக்க வேண்டும். ஆனால் அதனால் முடிவதில்லை. விழுவதற்குச் சில நொடிகள் முன்பு அது ஏற்றுக்கொண்ட பரிவர்த்தனைகள் சில, மற்ற சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தப் புள்ளிக்குப் பிறகு இரண்டின் வரலாறும் வெவ்வேறு.

இதைச் சரிசெய்ய இரண்டு கருவிகள் உண்டு. 2011இல் 9.1 பதிப்போடு வந்த பிஜி_பேஸ்பேக்கப், பிரைமரியின் தரவு முழுவதையும் புதிதாகப் படியெடுத்து வருகிறது. 2016 ஜனவரியில் 9.5 பதிப்போடு வந்த பிஜி_ரீவைண்ட், பழைய தரவை வைத்துக்கொண்டே, பிரிந்த புள்ளிக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் மாற்றுகிறது. கிளஸ்டரை மேலாண்மை செய்யும் பட்ரோனி போன்ற மென்பொருள்கள் தேவைக்கேற்ப இரண்டையுமே தாமாக இயக்கும்.

இவ்விரண்டையும் பெரும்பாலும் நேரத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஒரு டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் கொண்டுவர ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் கிளஸ்டரில் ஒரு பிரதி குறைவு. கூடவே, அப்போதுதான் பொறுப்பேற்ற பிரைமரியின் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் இந்தச் சுமையையும் தாங்க வேண்டும். ரீவைண்ட் பல நேரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இது உண்மைதான். ஆனாலும் இந்த ஒப்பீடு போதாது. பேஸ்பேக்கப் பழைய பிரதியில் எதையும் நம்புவதில்லை. ரீவைண்ட் ஏறக்குறைய எல்லாவற்றையும் நம்புகிறது. எதைத் தேர்வது என்ற கேள்வி இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

ரீவைண்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் டபிள்யூஏஎல் எனப்படும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தரவுக் கோப்பில் எழுதும். ரெப்ளிகா பிரைமரியாக உயரும் ஃபெயிலோவர் நடக்கும்போது புதிய பிரைமரி புதிய காலக்கோட்டு எண் ஒன்றைத் தொடங்கும். இரு சர்வர்களின் காலக்கோட்டு வரலாற்றையும் வைத்து, எங்கே பிரிந்தன என்பதை ரீவைண்ட் கண்டுபிடிக்கும். அதற்கு முந்தைய செக்பாயின்ட்டிலிருந்து பழைய பிரைமரியின் பதிவேட்டைப் படித்து, எந்தெந்த பிளாக்குகள், அதாவது தரவுக் கோப்பின் பக்கங்கள், மாறின என்று பட்டியலிடும். அவற்றைப் புதிய பிரைமரியிலிருந்து வாங்கி மேலெழுதும். பட்டியலில் இல்லாத பிளாக்கைத் தொடாது; அது சரியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

எனவே பதிவேட்டில் ஏறாத மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு வரிசையை எழுதிய பரிவர்த்தனை கமிட் ஆகிவிட்டது என்பதை, பிறகு அந்த வரிசையைப் படிக்கும் வினவல் அந்தப் பக்கத்திலேயே குறித்து வைக்கும். இதை ஹின்ட் பிட் என்பார்கள். 18ஆம் பதிப்புக்கு முந்தைய இயல்பான அமைப்பில் இந்தக் குறிப்பு பதிவேட்டில் ஏறாது. பிரிவதற்கு முன் எழுதப்பட்டு, பிரிந்த பின் பழைய பிரைமரியில் மட்டும் கமிட் ஆன வரிசை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய வரலாற்றில் அந்த கமிட் நடக்கவே இல்லை. ஆனால் பழைய பக்கத்தில் நடந்ததாகக் குறிப்பு இருக்கும், ரீவைண்டின் கண்ணுக்கும் அது தப்பிவிடும். இதனால்தான், இந்தக் குறிப்பையும் பதிவேட்டில் ஏறச் செய்யும் டேட்டா செக்சம் அல்லது வால்_லாக்_ஹின்ட்ஸ் அமைப்பு இயக்கத்தில் இல்லாவிட்டால் ரீவைண்ட் வேலையைத் தொடங்கவே மறுக்கிறது. இந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். விழுந்த பிறகு இந்த அமைப்பை மாற்றிப் பயனில்லை.

பேஸ்பேக்கப் இத்தனை நிபந்தனை விதிப்பதில்லை. ஆனால் காலியான டைரக்டரியை எதிர்பார்க்கிறது. ஆபத்து அங்கேதான் நுழைகிறது, ஏனென்றால் காலி செய்வது மனிதர் கை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. சுமை கூடியதால் ரெப்ளிகா பின்தங்கியது; அதற்குத் தேவையான பதிவேட்டுக் கோப்புகளைப் பிரைமரி அதற்குள் நீக்கிவிட்டது. வேறு இடத்தில் காப்பகமும் இல்லை. முழுதாகப் படியெடுப்பது ஒன்றே வழி. பேஸ்பேக்கப்பை இயக்கினால் எந்தச் செய்தியும் காட்டாமல் அப்படியே நின்றது. உண்மையில் அது பிரைமரி தயாராவதற்காகக் காத்திருந்தது. முந்தைய முயற்சிகள் டைரக்டரியில் எதையோ விட்டுச் சென்றிருக்கலாம் என்று எண்ணிய பொறியாளர் அதை அழித்தார். அழித்தது ரெப்ளிகாவில் அல்ல, பிரைமரியில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பதிப்பு பொருந்தாததால் வழக்கமான பேக்கப் வேலையும் தோற்றுக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். இடைப்பட்ட தரவு போயிற்று.

அந்தப் பொறியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓசையின்றிக் காத்திருந்த கருவி, அழிப்பதைத் தடுக்க எதுவுமில்லாத கட்டளை, இரவு நேரம்: இவை சேர்ந்தால் யார் கையும் தவறும். இன்று நிலைமை மேல். 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, பேஸ்பேக்கப் செக்பாயின்ட்டுக்காகக் காத்திருக்கிறதா, தரவைக் கடத்துகிறதா என்பதை ஒரு தனி வியூவில் பார்க்கலாம். பிரதியைப் புதிதாக உருவாக்கும் பட்ரோனியின் ரீஇனிட் கட்டளை ரெப்ளிகாக்களில் மட்டுமே செல்லும், தலைமைச் சர்வரில் செல்லாது. கையால் டைரக்டரியை அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிட்லேப் நிலைமையில் ரீவைண்ட் உதவியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வரலாறு பிரியவில்லை, பின்தங்கல்தான். பின்தங்கிய ரெப்ளிகாவிடம் ரீவைண்டை இயக்கினால், திருப்ப எதுவுமில்லை என்று சொல்லி நின்றுவிடும். அதற்கு வேண்டியது விட்டுப்போன பதிவேட்டுக் கோப்புகள்தான். காப்பகத்தில் இருந்தால் ரெப்ளிகா தானே எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பேஸ்பேக்கப். டிஸ்க் பழுதால் பக்கங்கள் சிதைந்திருந்தாலும் பேஸ்பேக்கப்தான். பட்டியலில் வராத பிளாக் சிதைந்திருந்தால் ரீவைண்ட் அதை அப்படியே விட்டுவிடும். ரீவைண்ட் பாதியில் தோற்றாலும் அந்தத் தரவை நம்பி மேலே போகக் கூடாது, முழுப் பிரதிதான் எடுக்க வேண்டும். ஆக, தரவின் அளவைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, பிரதி ஏன் கெட்டது என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே முறை.

இரண்டு கருவிகளும் ஒன்றுபோலச் செய்யும் ஒரு காரியம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பழைய பிரைமரி மட்டும் ஏற்ற அந்தச் சில பரிவர்த்தனைகளை இரண்டுமே இல்லாமல் செய்துவிடும். யாரோ பணம் கட்டியிருக்கலாம், “பதிவாகிவிட்டது” என்ற பதிலும் அவருக்குப் போயிருக்கலாம். தானியங்கி ரீவைண்ட் மிக வேகமானது என்பதால் இந்த இழப்பு யார் கண்ணிலும் படாமலே போகலாம். கணக்கு வழக்குத் தொடர்பான தரவானால், எதையும் தொடும் முன் பழைய டேட்டா டைரக்டரியை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பதிவேட்டைப் படித்துக் காட்டும் பிஜி_வால்டம்ப் கொண்டு பிரிந்த புள்ளிக்குப் பிந்தைய கமிட்களைப் பாருங்கள். அந்தப் பிரதியைத் தனியே இயக்கினால் விடுபட்ட வரிசைகளை வினவலிலேயே எடுத்துவிடலாம். அவற்றைப் புதிய பிரைமரியில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்த வணிகத்தை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

2025இல் வந்த 18ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் கிளஸ்டர்களில் செக்சம் தானாகவே இயக்கத்தில் இருக்கும். ரீவைண்டுக்கு வேண்டிய முன்நிபந்தனை அதிலேயே நிறைவேறிவிடும். பழைய கிளஸ்டரை பிஜி_அப்கிரேட் வழியாக ஏற்றியவர்களுக்கு அது தானாக வராது. சர்வரை நிறுத்தி, பிஜி_செக்சம்ஸ் கொண்டு இயக்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் வால்_லாக்_ஹின்ட்ஸை மாற்றி ஒரு மறுதொடக்கம் போதும்.