வாக்கு முடிந்தது; வழக்கு முடியவில்லை

பள்ளியில் நாம் காணும் ஒரு காட்சியோடு இன்றைய உரையைத் தொடங்குவோம். "இவ்வாண்டு விளையாட்டுப் போட்டியை நம் திடலிலேயே நடத்தலாமா, வேறு இடத்திற்குப் போகலாமா?" என்று மாணவர்களைக் கேட்கிறோம். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் 'வேறு இடம்' என்று கை தூக்குகின்றனர். எந்த இடம் என்று கேட்டாலோ, ஒருவன் கோயில் திடல் என்கிறான். ஒருத்தி பக்கத்துத் தோட்டம் என்கிறாள். மற்றொருவன் பட்டணம் என்கிறான். கை தூக்காதவர்கள், "அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே!" என்கின்றனர். 2016ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் அதன் பின்னணியைக் காண்போம். 1957ஆம் ஆண்டில் ஆறு ஐரோப்பிய நாடுகள் ரோமாபுரியில் கூடிப் பொதுச் சந்தை ஒன்றை அமைத்தன. பிரிட்டன் அதில் சேரவில்லை. பின்னர் சேர விரும்பியபோது, பிரெஞ்சு அதிபர் டி கோல் 1963இலும் 1967இலும் தடுத்துவிட்டார். 1973 ஜனவரி முதல் நாளன்றுதான் கதவு திறந்தது. 1975இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் தொடர்ந்து இருப்பதையே விரும்பினர்.

பிறகு அந்தச் சந்தை ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல அதில் சேர்ந்தன. அங்கிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் பிரிட்டனுக்கு வந்தனர். நம் சட்டத்தை நாமே இயற்ற வேண்டும், நம் எல்லையை நாமே காக்க வேண்டும் என்ற குரல் அங்கே ஓங்கியது. பிரதமர் டேவிட் கேமரன் மக்களிடமே முடிவை விட்டார்.

2016 ஜூன் 23ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்றோர் 1 கோடியே 74 இலட்சம் பேர்; இருக்க வேண்டும் என்றோர் 1 கோடியே 61 இலட்சம் பேர். விழுக்காட்டில் சொன்னால் 51.9க்கு 48.1. இங்கிலாந்தும் வேல்சும் விலகச் சொல்ல, ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கச் சொல்லின. மறுநாள் காலையிலேயே கேமரன் பதவி விலகும் முடிவை அறிவித்தார்.

வாக்கு முடிந்தது, வழக்கு தொடங்கியது. ஏன்? வாக்குச் சீட்டில் 'இருப்பதா, விலகுவதா' என்ற கேள்வி மட்டுமே இருந்தது. எப்படி விலகுவது, விலகிய பின் வாணிகம் எப்படி நடப்பது என்ற கேள்விகள் அதில் இல்லை. பொதுச் சந்தையில் மட்டும் இருந்துகொள்ளலாம் என்றனர் சிலர். முற்றாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்றனர் வேறு சிலர். இரு சாராரும் 'மக்கள் ஆணை' என்றே பேசினர்.

பிரசாரத்தின் நேர்மையைப் பற்றியும் வாதம் எழுந்தது. ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுன் போகிறது என்று விலகுவோர் பேருந்தில் எழுதி ஊர்வலம் வந்தனர்; அக்கணக்கு மக்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் கண்டித்தது. மறுபுறம், விலகச் சொல்லி வாக்களித்த உடனேயே பொருளாதாரம் சரியும் என்று நிதியமைச்சு அச்சுறுத்தியது. அவ்வாறு உடனே சரியவில்லை.

அடுத்து, விலகல் கடிதத்தை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்ற வினா எழுந்தது. பிரதமருக்கே என்றது அரசு. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஜீனா மில்லர் என்னும் அம்மையார் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும், ஒரு நாளேடு நீதிபதிகளை 'மக்களின் பகைவர்கள்' என்றே தலைப்பிட்டது. எனினும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 8க்கு 3 என்ற கணக்கில் அதையே உறுதிசெய்தது. மக்கள் பெரியவர்களா, நாடாளுமன்றம் பெரியதா? இந்த வழக்கின் அடியில் கிடந்த வினா இதுதான்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அயர்லாந்து எல்லை. நெடுங்காலம் இரத்தம் சிந்திய அந்த மண்ணில் 1998ஆம் ஆண்டு உடன்பாடு அமைதி தந்திருந்தது. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. பிரிட்டன் விலகினால் அங்கே மீண்டும் சாவடி வருமே என்ற அச்சம் பிறந்தது. பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த உடன்பாடு, பெரிதும் இக்காரணத்தாலேயே, 2019 ஜனவரி 15இல் 432க்கு 202 என்று தோற்றது. அதே ஆண்டு மார்ச் 27இல் எட்டு மாற்று வழிகளை நாடாளுமன்றம் வாக்குக்கு விட்டது. எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை! நம் வகுப்பறைக் காட்சி நினைவுக்கு வருகிறதல்லவா?

மீண்டும் மக்களையே கேட்போம் என்றனர் ஒரு சாரார். இப்போதுதான் உண்மை நிலை தெரிந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். பிடித்த விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதா மக்களாட்சி என்றனர் மறு சாரார். இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்ததை நாம் மறுக்க முடியாது. இதற்கிடையே, பிரிட்டனைத் தம் வீடாகக் கொண்டிருந்த 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியக் குடிமக்கள், நாளை நம் நிலை என்ன என்று கலங்கிக் கிடந்தனர்.

2019 டிசம்பர் தேர்தலில் போரிஸ் ஜான்சன் பெரும்பான்மை பெற்றார். 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் விலகியது. அயர்லாந்து நில எல்லையில் சாவடி வரவில்லை. ஆனால் பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குக் கடல்வழி செல்லும் சரக்குகளுக்குச் சோதனை வந்தது. அதைத் தளர்த்த 2023இல் இன்னோர் உடன்பாடு தேவைப்பட்டது.

நம் நாடாளுமன்ற முறை பிரிட்டனைப் பின்பற்றி அமைந்தது. ஆகவே, இந்த வரலாறு நமக்கும் பாடமாகிறது. பெரும்பான்மை முடிவு செய்யலாம்; ஆனால், எதை முடிவு செய்கிறோம் என்பது முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். தோற்ற 48 பேரும் அதே நாட்டில்தான், வென்ற 52 பேரோடு வாழ வேண்டும். தோற்றவரை ஏளனம் செய்வதாலும், வென்றவரை அறிவிலிகள் என்பதாலும் நாடு ஒன்றுபடாது.

அடுத்த முறை பிள்ளைகள் 'வேறு இடம்' என்று கை தூக்கினால், எந்த இடம் என்பதை முதலில் பேசிக்கொள்வோம். நம் திடலே போதும் என்ற பிள்ளைகளையும் மறவாமல் அழைத்துச் செல்வோம்.