ஒற்றைக்கொம்புக் குதிரை காட்டிய வழி

ஒரு நாவலில் மனம் பறிகொடுத்த வாசகன் அடுத்துக் கேட்பது, "இதைப்போல இன்னொன்று உண்டா?" என்பதுதான். ஐக்கிய அமெரிக்காவில் ஏராளமானோர் ஒரே காலத்தில் இக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது 1965இன் பின்னராகும். டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' அவ்வாண்டில்தான் அங்கு மலிவான கடதாசி அட்டைப் பதிப்பாக வெளிவந்தது. ஏஸ் பதிப்பகம் ஆசிரியரின் அனுமதியின்றியே பாகமொன்றை 75 சதத்துக்கு விற்றது. பலன்டைன் பதிப்பகம் அனுமதியுடன் 95 சதத்துக்கு விற்றது. உயிரோடிருக்கும் எழுத்தாளனை மதிப்பவர்கள் தம் அனுமதி பெற்ற பதிப்பையே வாங்க வேண்டும் எனப் பின்னட்டையில் டோல்கீன் கேட்டுக்கொண்டார். சண்டையே விளம்பரமாகவும் ஆயிற்று.

மூன்று பாகங்களையும் முடித்தவர்களுக்கு அடுத்தது எது? விஞ்ஞானப் புனைகதைக்குச் சஞ்சிகைகளும் வாசகர் வட்டங்களும் ஏற்கெனவே இருந்தன. மாயாஜால நாவலோ வியாபாரத்தில் தனியொரு வகையாக நிலைபெற்றிருக்கவில்லை. நல்லவை பல அச்சில் இல்லாமலே போயிருந்தன.

அவற்றைத் தேடியெடுத்தவர் லின் காட்டர். எழுத்தாளராக அவர் பெரிதாகச் சோபித்தவரல்லர், வாசகராக அசாத்தியமானவர். அவரை ஆலோசகராகக் கொண்டு பலன்டைன் 1969 மே மாதம் 'அடல்ட் ஃபென்டஸி' என்றொரு வரிசையைத் தொடங்கியது. (சிறுவர் கதையல்ல என்பதற்கே அந்த 'அடல்ட்'. வேறெதையோ எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள்.) அட்டையில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலை இலச்சினையாக இருந்தது. ஆசிரியர் யார், அவர் யாரைப் படித்து எழுதினார், அவரைப் படித்து எழுதியவர் யார் என்றெல்லாம் காட்டர் முன்னுரைகளில் சொன்னார். ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசகனுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. டன்சனியும் வில்லியம் மொரிஸும் இவ்வாறு மீண்டும் கைக்குக் கிடைத்தார்கள். பெக்ஃபோர்டின் 'வாதெக்' கூட இவ்வரிசையில் வந்தது. ஹாரூன் அல் ரஷீதின் பேரனான கலீபா அல் வாதிக்கின் பெயரில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் புனைந்த கதை அது. வரலாற்றைத் தேடி அதற்குள் போகக்கூடாது. 'ஆயிரத்தொரு இரவுகள்' ஐரோப்பியக் கற்பனையைப் படுத்திய பாட்டை அறிய அது உதவும்.

இத்தேடலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹோப் மிர்லீஸ் 1926இல் எழுதிய 'லட் இன் த மிஸ்ட்' 1970இல் இவ்வரிசையில் அவரது அனுமதியின்றியே மீள்பதிப்பானது. அவர் 1978 வரை உயிரோடிருந்தார். உயிரோடிருக்கும் எழுத்தாளனுக்கான மரியாதையை டோல்கீனின் பின்னட்டையில் அச்சிட்ட அதே பதிப்பகம்தான் இதையும் செய்தது. சட்டம் இடங்கொடுத்திருக்கலாம், நியாயம் இடங்கொடுக்கவில்லை.

இவேஞ்சலின் வோல்டனின் கதை நல்லவிதமாக முடிந்தது. வேல்ஸ் நாட்டுத் தொன்மமான 'மாபினோகி'யை வைத்து அவர் 1936இல் எழுதிய நாவலொன்று விலைபோகாமல் மறக்கப்பட்டிருந்தது. 1970இல் 'த ஐலன்ட் ஒஃப் த மைட்டி' என்ற புதுப் பெயருடன் காட்டரின் வரிசையில் அது வந்தது. அறுபதைக் கடந்த அவ்வம்மையார் அரிசோனாவில் வாழ்ந்துகொண்டிருப்பது பதிப்பகத்துக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அச்சேறாத பிரதிகளும் அவர் கைவசம் இருந்தன. 1971, 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று நாவல்கள் வெளிவந்து அந்நான்கு கிளைக் கதை முழுமை பெற்றது. மூன்று தசாப்தங்களுக்கு மேல் காத்திருந்த ஓர் எழுத்தாளருக்கு, டோல்கீனுக்குப் பின் எதைப் படிப்பது என்று தவித்த வாசகர்களால் இது கிடைத்தது.

1973இல் பலன்டைனை ரன்டம் ஹவுஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே வரிசை நின்றது. 1977இல் டெல் ரே என்ற புதிய இலச்சினையின் கீழ் டெரி புரூக்ஸின் 'த சோட் ஒஃப் ஷனாரா' வெளிவந்து அமோகமாக விற்றது. டோல்கீனின் கதைப்போக்கை அது அடியொற்றிச் செல்வதாகப் பலர் குறைகூறினர். பதிப்பாசிரியர் லெஸ்டர் டெல் ரே வாசகர் கேட்டதையே கொடுத்தார் எனலாம். காட்டர் கொடுத்தவையோ, வாசகர்களுக்குக் கேட்கவே தெரியாதிருந்தவை. ஷனாராவின் தொடர்ச்சி 1982இல் வந்தது. ஒற்றைக்கொம்புக் குதிரை பொறித்த பிரதிகளைப் பழைய புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டியிருந்தது.