லலிதபுரத்து வார்ப்புத் திருமேனிகள்

காத்மண்டுப் பள்ளத்தாக்கிலே, வாக்மதி ஆற்றின் தென்கரையில் அமைந்த லலிதபுரம் பாடன் என்றும் வழங்கப்பெறும். அந்நகரத்து நேவார் மக்களுட் சாக்கியர் என்னும் குடியினர் வச்சிரயான பௌத்தத் தெய்வங்களின் உலோகத் திருமேனிகளை வழிவழியாக வார்த்து வருகின்றனர். கலை வரலாற்றாசிரியர் பலர் இவற்றைச் சிற்பங்களாகவே கொண்டு அவற்றின் அணிகளையும் காலத்தையும் ஆராய்ந்துள்ளனர். ஆயின், இவற்றுட் பல பிறர் பார்வைக்கென ஆக்கப்பட்டவையல்ல என்பது போதியளவு உணரப்பட்டிலது.

சாக்கியர் வெறும் கம்மியர் அல்லர். நேவார் பௌத்தத்தில் நிலையான துறவு அருகியபின், விகாரைகளைச் சூழ்ந்து இல்லறத்தாராய் வாழ்ந்த மரபினர் அவர். அக்குடிச் சிறுவர் தலைமழித்து, சீவரம் உடுத்து, சில நாட்கள் பிக்குகளாயிருந்து இல்லறத்துக்கு மீள்வர்.

தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவமைத்து, அதன்மேற் சாணமும் உமியும் பிசைந்த களிமண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். அச்சு உடைக்கப்படுதலால் ஓர் அச்சில் ஓர் உருவமே தோன்றும். இம்முறை எம்மவர்க்குப் புதிதன்று. எனினும் நேவார் பெரிதும் கையாண்டது கலப்புக் குறைந்த செம்பாகும். அது வெண்கலம்போல் எளிதில் ஓடி நிரம்பாது. ஆனால் பொன்முலாம் நன்கு பற்றும். பொன்னை இரசத்துடன் கலந்து பூசித் தீயில் வாட்ட, இரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். அவ்வாவி கொடிய நஞ்சு. பொலிவைப் புகழ்வோர் அதனை நினைப்பது அரிது.

இவர்தம் புகழ் மலைகடந்தது. 1260 ஆம் ஆண்டில் அரனிகோ என்னும் நேவார் இளைஞர் ஒரு கைவினைஞர் குழுவுக்குத் தலைவராகித் திபெத்துக்குச் சென்றார். பின்னர் குப்ளாய்கானின் அவையை அடைந்து, பீக்கிங்கின் வெண்தூபியை எழுப்பினார்.

திபெத்திய இல்லங்களின் வழிபாட்டறைக்கெனச் செய்யப்பட்ட உருவங்கள் பெரும்பாலும் உட்கூடானவை. மந்திரம் எழுதிய தாட்சுருள்களும் தானியங்களும் புனிதப் பொருள்களும் உள்ளே நிரப்பப்பட்டு, இரட்டை வச்சிரம் பொறித்த செப்புத் தகட்டினால் அடி மூடப்படும். அதன்பின் சடங்கு முறைப்படி உயிரூட்டப்பெற்றாலன்றி அது வழிபாட்டுக்கு உரியதாகாது. நேவார் இல்லங்களிலோ, சக்கரசம்வரர், வச்சிரவாராகி முதலிய தெய்வங்கள் ஆகமம் எனப்படும் மறைவறையில் வைக்கப்படும். தீட்சை பெறாதோர் அங்கு நுழையார்.

1951 இல் நேபாளத்தின் கதவுகள் திறக்கப்பட்டபின், மறைந்திருந்தவை சந்தைக்கு வந்தன, களவுபோனவையும் பல. திபெத்திலோ 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த கலாசாரப் புரட்சியில் எண்ணற்ற உருவங்கள் உருக்கப்பட்டன. 1959 இன் பின் அகதிகளாய் வெளியேறிய திபெத்தியர் புதிய திருமேனிகளை வேண்டியமையால் லலிதபுரத்து உலைகள் மீண்டும் சுறுசுறுப்படைந்தன. மேலைநாட்டு நூதனசாலைகளில் உள்ள பழைய உருவங்கள் பலவற்றில் அடித்தகடு பெயர்ந்து, உட்கூடு வெறுமையாய்க் கிடக்கின்றது. சாக்கியர் இன்று வார்ப்பனவற்றுள்ளும் பல வெறுங்கூடாகவே விற்கப்படுகின்றன. அவற்றை நிரப்புவதும் அடியை மூடுவதும் வாங்குவோர் நாடும் குருமாரின் பணியாகும்.