சாம்பியன் கடைசி இடத்துக்கு வந்த கதை

திருக்காட்டுப்பள்ளியில் கால்பந்து பேச ஆள் தேடுவது, சித்திரை வெயிலில் குடமுருட்டியில் தண்ணீர் தேடுவது மாதிரி. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் ஸ்டம்பு நடுவார்கள், கபடிக்குக் கோடு கிழிப்பார்கள். கோல் போஸ்ட் நட்டு நான் பார்த்ததில்லை. "பதினோரு பேர் ஒரு பந்தைத் துரத்துறதுல என்னடா இருக்கு" என்று கேட்கும் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லியே பாதி வயசு போய்விட்டது. இருந்தாலும் பரவாயில்லை. வணிகவியல் படிக்கிற எனக்கு, லாப நஷ்டக் கணக்கில் அடங்காத ஒரு சீசனைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஆசை. சென்னையின் எஃப்சி, 2018-19.

முதலில் அதற்கு முந்தைய வருடம். 2018 மார்ச் 17, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. பெங்களூரு அந்த சீசனில் 40 புள்ளிகளோடு முதலிடம், நம்ம ஆட்கள் 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். அதுவும் அவர்கள் ஊர், அவர்கள் மைதானம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் பாவம். மைல்சன் ஆல்வஸ் என்ற பிரேசில் தடுப்பாட்டக்காரர் இரண்டு கார்னர்களில் தலையால் முட்டி இரண்டு கோல், இடைவேளைக்குப் பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் 3-2 என்று கோப்பை சென்னைக்கு. 2015-இல் மாட்டராட்ஸி காலத்தில் வென்றதற்கு அடுத்து இது இரண்டாவது. பயிற்சியாளர் ஜான் கிரகரி, இங்கிலாந்துக்காரர், முன்பு ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர்.

ஆறு மாதம்தான். செப்டம்பர் 30, அதே பெங்களூரு, அதே மைதானம், புது சீசனின் முதல் ஆட்டம். மிக்குவின் ஒரு கோலில் 0-1 தோல்வி. சரி, முதல் ஆட்டம்தானே என்று விட்டோம். அடுத்தது சொந்த மண்ணில் கோவாவிடம் 1-3. அதற்கடுத்து வந்ததுதான் மறக்கவே முடியாத ஆட்டம்: நார்த் ஈஸ்ட் யுனைடெட். ஒரு கட்டத்தில் சென்னை 3-1 முன்னிலை. தோய் சிங் இரண்டு கோல் போட்டிருந்தார். பிறகு நைஜீரியாவின் ஓக்பெச்சே புகுந்து ஹாட்ரிக் அடித்தார். ரவுலின் போர்ஜஸ் இன்னொன்று சேர்த்தார். 3-4. நெல் அறுத்துக் களத்தில் கொட்டிய பிறகு மழை பெய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

டெல்டாக்காரனுக்கு அந்த வருடமே சரியில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காவிரியில் பல வருடம் கழித்துக் கரை புரண்டு தண்ணீர் வந்தது. சந்தோஷப்படுவதற்குள் ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் சென்னையின் எஃப்சி தோற்றதா ஜெயித்ததா என்று யாரும் கவலைப்படவில்லை, படவும் தேவையில்லை.

கணக்கை முழுதாகப் போட்டுவிடுவோம். 18 ஆட்டங்கள். 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. போட்ட கோல் 16, வாங்கிய கோல் 32. மொத்தம் 9 புள்ளிகள். போன வருடம் 32, இந்த வருடம் 9. பத்து அணிகளில் பத்தாமிடம். அந்த இரண்டு வெற்றிகளில் முதலாவது நவம்பரில் புனேவில் 4-2. இரண்டாவது 2019 பிப்ரவரி 9, சென்னையில், யாரை என்று நினைக்கிறீர்கள்? அந்த சீசன் கோப்பையைத் தூக்கப்போகிற அதே பெங்களூருவை, 2-1. இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே மூன்று மாதம்!

இன்னொரு வேடிக்கை. ஒன்பதாமிடத்தில் இருந்த கேரளா பிளாஸ்டர்ஸும் அந்த சீசனில் ஜெயித்தது இரண்டே ஆட்டம்தான். ஆனால் ஒன்பது டிரா செய்து 15 புள்ளி சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று கொச்சியில் நம்மை 3-0 என்று அடித்தது. தோற்கிற ஆட்டத்தை டிரா ஆக்குவது ஒரு தனிக் கலை. சென்னைக்கு அந்த வருடம் அது கைவரவில்லை.

ஏன் இப்படி ஆனது? அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முந்தைய சீசனில் அணியை நடத்திய கேப்டன், போர்ச்சுகலின் என்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் பந்தை விநியோகித்த ஸ்லோவேனியாவின் மிஹெலிச் டெல்லிக்குப் போனார். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ், எதிராளியின் கால்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பிடுங்குகிற அந்த முரட்டு வேலையைச் செய்தவர், முழங்கால் காயத்தால் சீசனையே இழந்தார். இந்த மூன்று பேரும் போனால் பின்களத்துக்கும் முன்களத்துக்கும் நடுவே பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் 32 கோல் உள்ளே வந்தது என்பது என் கட்சி.

முன்னால் நின்றவர் ஜெஜே லால்பெக்லுவா. மிசோரம்காரர், சென்னை ரசிகர்களின் செல்லப் பிள்ளை. முந்தைய சீசனில் 9 கோல். இந்த சீசனில்? ஒன்று. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், ஒன்றே ஒன்று, அதுவும் பிப்ரவரியில் பெங்களூருவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில். ஆனால் பாருங்கள், நடுவே 2019 ஜனவரி 6 அபுதாபியில் ஆசியக் கோப்பை. இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. சேத்ரி இரண்டு, மற்ற இரண்டு கோல்களைப் போட்டவர்கள் அனிருத் தாபா, ஜெஜே. இருவருமே சென்னையின் எஃப்சி ஆட்கள்! லீக்கின் கடைசி அணியிலிருந்து போன இருவர் தேசிய அணிக்கு கோல் போடுகிறார்கள். ஆக, காலில் கோளாறு இல்லை, அவர்களைச் சுற்றி இருந்த அமைப்பில்தான் கோளாறு.

இதில் ஒரு பழைய வழக்கமும் இருக்கிறது. சென்னையின் எஃப்சி 2015-இல் கோப்பை வென்றது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதியின் 'சொந்த மண்' ஆட்டத்தைப் புனேவில் ஆடி, பிறகு கோவாவில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று வென்ற கதை அது. அடுத்த வருடம் 2016, எட்டு அணிகளில் ஏழாமிடம். 2016 சாம்பியன் கொல்கத்தா அடுத்த சீசனில் பத்தில் ஒன்பதாமிடம். ஆக, இந்த லீக்கில் கோப்பை என்பது கொஞ்சம் கண்ணேறு பட்ட சாமான். காரணம் கண்ணேறு இல்லை, ஒப்பந்தம். அப்போது களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர் இறங்கலாம். அவர்களில் பலரும் வருவது ஒரு சீசனுக்கு. வருடா வருடம் முதுகெலும்பை மாற்றிக்கொண்டே ஓடச் சொன்னால் எந்த அணி ஓடும்? ஆனால் நடப்பு சாம்பியன் ஒரேயடியாகக் கடைசிக்கு வந்தது ஐஎஸ்எல்லில் அதுதான் முதல் முறை.

உலகத்தில் இப்படி நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி 1936-37 சாம்பியன். அடுத்த சீசனில் அந்தப் பிரிவிலேயே அதிக கோல் (80) போட்டும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். தள்ளப்பட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். ஐஎஸ்எல்லில் அப்போது தள்ளுவது கிடையாது. கடைசியாக வந்தாலும் அடுத்த வருடம் அதே நாற்காலி, அதே ஜெர்சி. முதலாளிகள் கட்டணம் கட்டி வாங்கிய இடம் அது. கடையில் நஷ்டம் வந்தால் கடையை மூட வேண்டும் என்று வகுப்பில் படிக்கிறோம். இங்கே நஷ்டம் புள்ளிப் பட்டியலில் மட்டும்தான்.

இப்போது அதே சீசன், அதே தமிழ்நாடு, இன்னொரு அணி. சென்னை சிட்டி எஃப்சி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக் என்ற பழைய லீக். சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின்காரர்கள் சிலர், கூட எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம ஊர்ப் பையன்கள். பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபை வென்றால் கோப்பை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. மினர்வா ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது, ஆனால் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம்.

ஒரே சீசனில் ஒரு தமிழ்நாட்டு அணி ஒரு லீக்கில் கடைசி, இன்னொரு தமிழ்நாட்டு அணி இன்னொரு லீக்கில் முதல். இதை எத்தனை பேர் கவனித்தார்கள்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக இருந்த அணியைத் தெரிகிறது, கோப்பை வென்ற அணியைத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப்புக்குத் தெரிந்திருக்கிறது. அதே 2019-இல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கினார்கள். கம்பெனி சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு அந்த 26 ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 26 கையில் இருந்தால் வேண்டாததைத் தடுத்துவிடலாம்.

சென்னையின் எஃப்சிக்கு வருவோம். லீக்கில் கடைசியாக வந்த அதே வசந்தத்தில், போன வருட சாம்பியன் என்ற தகுதியில் ஏஎஃப்சி கோப்பையில் ஆடினார்கள். கொழும்பு எஃப்சியை இரண்டு ஆட்டத்தில் சேர்த்து 1-0 என்று தாண்டினார்கள். 'சொந்த மண்' ஆட்டங்கள் நடந்தது அகமதாபாத்தில், அது தனி சோகம். குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் ஏப்ரல் 13 புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில் நின்றார்கள், கோவாவிடம் 1-2. இதற்குள் கேரளாவிலிருந்து சி.கே. வினீத், ஆஸ்திரேலியாவின் கிறிஸ் ஹெர்ட் என்று ஆள் சேர்ந்திருந்தது.

நிர்வாகம் கிரகரியை அனுப்பவில்லை. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் ஜனவரியிலேயே விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். அடுத்த சீசனும் மோசமாகத் தொடங்கியது. 2019 நவம்பர் கடைசியில் அவர் விலகினார். ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். கடைசியில் கிடந்த அணி இறுதிப் போட்டி வரை போனது. 2020 மார்ச் 14, கோவா, கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத காலி ஸ்டேடியம். ஏடிகே 3-1. சென்னைப் பக்கம் வன்ஸ்பால், கோவையில் கோப்பை வென்ற அதே எட்வின். ஏடிகே அணியில் சென்னை சிட்டியின் இன்னொரு பழைய ஆள், குமரி மாவட்டக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜ்.

சென்னை சிட்டி அடுத்தடுத்த சீசன்களில் சரிந்தது. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ஐ-லீக்கை வென்றால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற வழி 2022-23 சீசனில்தான் திறந்தது. அந்த வழியில் முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்சி. பழைய பெயர், மினர்வா பஞ்சாப்.