சைக்கிள் ஓடப் பழகினவையும் எழுத்துப் பழகினவையும்

மண்கும்பானிலை சைக்கிள் ‘ஓடுறது’ எண்டுதான் சொல்லுவம். புதுக்கோட்டையில் ‘ஓட்டுறது’. சொல்தான் கொஞ்சம் வேற. ஆனால் 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் சைக்கிள் செய்த வேலையைப் பற்றி வாசிச்ச பிறகு, வளர்ந்தோர் கல்வி பற்றி நாங்கள் நினைச்சிருந்த பலது மாறிப்போச்சு.

முதலில் பின்னணி. 1988 இல் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்னின்று உழைக்க, 1990 பெப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் இந்திய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை ‘அறிவொளி இயக்கம்’ என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் மாவட்ட நிர்வாகங்களும் கைகோர்த்தார்கள். படிப்பிச்சவை சம்பளம் இல்லாத தொண்டர்கள். வகுப்பு தொடங்க முதல் ஊரூராகக் கலைப்பயணம் போகும். பாட்டு, வீதி நாடகம் எண்டு திருவிழா மாதிரிச் சனத்தைக் கூட்டி, பிறகுதான் பலகையும் எழுத்தும்.

புதுக்கோட்டையில் இயக்கம் 1991 இல் தொடங்கியது. அங்க ஒரு சிக்கல். தொண்டர்களிலும் படிக்க வந்தவர்களிலும் பெண்கள்தான் கூட. பஸ் குறைஞ்ச ஊர்களில் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு எப்படிப் போறது? அப்பனோ புருசனோ கூட்டிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேணும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பழக்கத்தையும் எழுத்தறிவின் பகுதியாக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. 1992 இல், மகளிர் தினத்தை ஒட்டிய பேரணியில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள். தெருவில் கேலி பேசினவையும் இருந்தார்கள். பெண்கள் சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஓடினார்கள். முன் பாரில் பிள்ளையை இருத்தலாம் எண்டு அதையே விரும்பினவையும் உண்டு. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் பழகினார்கள். பழகிய கிராமப் பெண்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல் எண்டு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்கலாம். வகுப்புக்குத் தானாகப் போய்த் திரும்பி வர முடிஞ்சவளுக்குச் சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் தானாகப் போகவும் முடிஞ்சது. அங்க பெயர்ப்பலகையையும் விலையையும் வாசிக்க வேண்டிய தேவையும் வந்தது.

அதே ஆண்டுகளில் எங்கட பக்கம் வேற கதை. 1990 இல் யுத்தம் தீவகத்தைக் காலியாக்கியது. பெற்றோலுக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் எல்லாச் சுமையும் சைக்கிளில்தான். எங்கட அம்மாமார் சைக்கிள் ஓட எவரிட்டையும் உத்தரவு கேட்கேல்லை. ஆனால் இடம்பெயர்வுக்குள் பள்ளிக்கூடம் பலருக்கு நடுவிலேயே அறுந்தது. இலவசக் கல்வி 1945 இலிருந்தே இருக்கிற நாடு, எழுத்தறிவு வீதமும் உயர்வு. அதனால் இஞ்ச ஆருக்கும் வளர்ந்தோர் கல்வி தேவையில்லை எண்டு ஒரு நினைப்பு. சமுர்த்திப் படிவத்தையும் வங்கிக் கடிதத்தையும் கொண்டு வந்து “தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லன்” எண்டு கேட்கிறவையை அந்த வீதத்துக்குள் நாங்கள் காணேல்லை. கண்ணாடி கொண்டு வர மறந்துட்டன் எண்டுதான் சொல்லுவினம்.

வளர்ந்தோர் கல்விக்காக ஒரு ஓட்டமும் விழாவும் வைப்பம் எண்டு எங்களுக்குள்ளும் பேச்சு வந்திருக்கு. பண்ணைப் பாலத்திலிருந்து மண்கும்பான் வரை ஓடலாம், ரீசேட் அடிக்கலாம், படமும் எடுக்கலாம். புதுக்கோட்டையில் பேரணிக்கு முன்னும் பின்னும் வகுப்பு இருந்தது. எங்களிட்ட இன்னும் அது இல்லை. ஆகவே முதலில் கிழமைக்கு இரண்டு பின்னேரம், ஒரு வாசிகசாலை மேசை, வெட்கப்படாமல் வந்து இருக்க ஒரு கதிரை. இதுகள் ஆறு மாதம் தொடர்ந்து நடந்தால் பிறகு ஓடுவம். அந்த அம்மாமார் முன்னுக்குச் சைக்கிளில் வரட்டும்.