அழிக்கப்பட்ட முதல் பகுதி: ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் வீட்டு அலமாரிக்கு வந்த வழி

1972 செப்டம்பர் முதல் வாரம் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள் கொல்லப்பட்டனர். போட்டிகள் தடைபட்டதால் பிபிசியின் நிகழ்ச்சி நிரலில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க, ‘காமெடி பிளேஹவுஸ்’ வரிசைக்காக எடுத்து வைத்திருந்த அரைமணி நேர நாடகம் ஒன்றைச் செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பினார்கள். ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ என்பது அதன் பெயர். துணிக்கடைக்குள் நுழைபவரிடம் ‘உங்களை யாராவது கவனிக்கிறார்களா?’ என்று கேட்கும் வாடிக்கையான கேள்வி அது. 1973 மார்ச்சில் தொடராகத் தொடங்கி, 1985 வரை 10 பருவங்களில் 69 பகுதிகளாக வளர்ந்தது. இடைவெளியை நிரப்ப வந்த அந்த முதல் பகுதியின் வண்ண நாடாவைப் பிபிசி பின்னர் அழித்துவிட்டது. அழிந்தது ஒரு குறையாக உணரப்பட்டது எப்போது, ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வீட்டில் வைத்துப் பார்க்கும் நாடாவும் வட்டும் வந்த பிறகுதான் என்பது என் முடிபு.

தொடரை எழுதியவர்கள் ஜெரமி லாய்டும் டேவிட் கிராஃப்டும். லாய்டு இளமையில் லண்டன் பிக்காடிலியில் இருந்த சிம்ப்சன்ஸ் கடையில் விற்பனை உதவியாளராக வேலை பார்த்தவர். அந்த அனுபவம்தான் ‘கிரேஸ் பிரதர்ஸ்’ என்ற கற்பனைக் கடையின் அடித்தளம். ஆடவர் ஆடைப் பிரிவும் மகளிர் ஆடைப் பிரிவும் ஒரே தளத்தைப் பங்கிட வேண்டிய கட்டாயத்திலிருந்து கதை பிறக்கிறது. வாடிக்கையாளரை யார் முதலில் அணுகலாம், யார் யாரை எப்படி விளிக்கலாம் என எல்லாமே பணிமூப்புப்படிதான் நடக்கும். அளவு நாடா கழுத்தில் தொங்கும் இளையவர் மூத்தவரை முந்திவிட முடியாது. இரட்டை அர்த்தப் பேச்சுக்காகவே இத்தொடரை நினைவுகூர்பவர்கள் இந்தப் படிநிலைக் கேலியைக் கவனிப்பதில்லை. அதன் உண்மையான வலிமை அங்கேதான் இருக்கிறது.

அழித்தது ஏன்? அக்காலத்து இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிகுந்தது. சிலேட்டில் எழுதி அழிப்பதுபோல ஒரே நாடாவில் மீண்டும் மீண்டும் பதிவு செய்யலாம். நடிகர் சங்கமான எக்விட்டியோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. எனவே பழைய நாடாவைக் காத்து வைப்பதில் வருவாயும் இல்லை, வைக்க இடமும் இல்லை. வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையின் முன் படக்கருவியை நிறுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள்தான் பல நிகழ்ச்சிகளுக்கு எஞ்சிய சான்று. நம் முதல் பகுதியும் அப்படித்தான் பிழைத்தது. இதை அறியாமை என்று ஏசுவது எளிது. ஆனால் நாடகக் கொட்டகையில் ஓர் இரவு நடந்து முடியும் நிகழ்வாகவே அன்று தொலைக்காட்சி கருதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது.

பிபிசியின் சேமிப்புக் கொள்கை மாறிய ஆண்டு 1978. விஎச்எஸ் என்ற வீட்டு ஒளிநாடாக் கருவி பிரிட்டனில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஒன்றுக்கு ஒன்று நேரடிக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய நிகழ்ச்சிக்கு விலை உண்டு என்ற எண்ணம் இரண்டின் பின்னாலும் இருந்தது.

நிகழ்ச்சிகள் வீட்டு நாடாவாக விற்பனைக்கு வருமுன்பே ஒலித்தட்டாக வந்துவிட்டன. மற்றொரு பணியிட நகைச்சுவைத் தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ 1979 முதல் ஒலித்தட்டாக விற்றது. பார்க்க முடியாததைக் கேட்டுச் சிரித்தார்கள். 1984இல் அத்தொடர் நான்கு நாடாக்களாக வந்தது. நாடாவுக்கு மூன்று பகுதி வீதம் பன்னிரண்டும் அடங்கிவிட்டன. ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ தொடருக்கு அதே கணக்கைப் போட்டால் 23 நாடா வேண்டும். அவ்வளவையும் வாங்கி அடுக்க எந்தக் குடும்பம் முன்வரும்? பிரிட்டனில் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த சில பகுதிகள் மட்டுமே வெளிவந்ததில் வியப்பில்லை. ‘சிறந்தவை’ என்ற தேர்வுதான் நாடாக் காலத்தின் இலக்கணம்.

டிவிடி இந்த இலக்கணத்தை மாற்றியது. மெல்லிய வட்டில் ஒரு பருவமே அடங்கும், பெட்டியில் தொடர் முழுவதும் அடங்கும். அமெரிக்காவின் பொது ஒளிபரப்பு நிலையங்களில் மறு ஒளிபரப்பாகி அங்கே தனி ரசிகர் கூட்டத்தை இத்தொடர் திரட்டியிருந்தது. 2000களில் அங்கே 69 பகுதிகளும் முழுத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. பெட்டியில் ‘முழுமை’ என்று அச்சிட்ட மறுகணமே முதல் பகுதி கண்ணை உறுத்தத் தொடங்கியது. மற்ற அனைத்தும் வண்ணம், இது மட்டும் கறுப்பு வெள்ளை. தொடரின் பாத்திரங்களில் ஒருவரான ஸ்லோகம் அம்மையாரின் தலைமுடி ஊதா, பச்சை எனப் பகுதிக்குப் பகுதி நிறம் மாறுவதே நகைச்சுவையாக இருக்கும் தொடரில் நிறம் போவது சின்ன இழப்பல்ல.

தீர்வு படச்சுருளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. வண்ணச் சைகையை வடிகட்டாமல் திரையைப் படம்பிடித்ததால், கறுப்பு வெள்ளைச் சட்டகங்களில் நுண்ணிய புள்ளிக்கோலம் பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் குப்பையாகக் கருதப்பட்ட அந்தப் புள்ளிகள், எந்த இடத்தில் எந்த நிறம் என்பதன் குறியீடு. பிபிசி ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் இன்செல் இதைப் பயன்படுத்த முயன்ற குழுவைத் திரட்டினார். ரிச்சர்ட் ரசல் அதற்கான கணினி நிரலை எழுதினார். சுருண்டும் சுருங்கியும் போன படத்தைத் தொலைக்காட்சிப் படத்தின் 625 வரிகளோடு துல்லியமாகப் பொருத்திய பிறகே குறியீட்டைப் படிக்க முடியும். ஊகித்து வண்ணம் பூசுவது வேறு, இது வேறு. ஏட்டில் மங்கிய எழுத்தை வாசித்து மூலபாடத்தை மீட்பது போன்ற வேலை. கிராஃப்டின் மற்றொரு தொடரான ‘டாட்ஸ் ஆர்மி’யின் ஒரு பகுதிதான் 2008இல் இம்முறையில் முதலில் வண்ணம் பெற்றது.

மூலபாடம் என்று வந்தால் பாடவேறுபாடும் உண்டு. ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் ஜெர்மானியர் பகுதியை 2013இல் மறு ஒளிபரப்பு செய்தபோது மேஜர் பாத்திரம் பேசும் இனவெறிச் சொற்களைப் பிபிசி நீக்கியது. 2020இல் யுகேடிவி அப்பகுதியையே சில நாள் விலக்கி, எச்சரிக்கை வாசகத்தோடு மீண்டும் சேர்த்தது. ஒளிபரப்பு இப்படி மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் வீட்டில் வாங்கி வைத்த வட்டில் பழைய பாடம் அப்படியே நிற்கும். ஆகவே எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று குறிப்பிடாமல் இத்தொடர்களைப் பற்றி எழுதும் ஆய்வு அரைகுறையானது.

‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ முதல் பகுதியின் மீட்கப்பட்ட வண்ணப் பதிப்பு 2010 ஜனவரி 1 அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பானது. ஹம்ஃப்ரீஸாக நடித்த ஜான் இன்மன் 2007இலும், பிராம்ஸாக நடித்த வெண்டி ரிச்சர்டும் ஸ்லோகம் அம்மையாராக நடித்த மோலி சக்டனும் 2009இலும் காலமாகியிருந்தார்கள். கேப்டன் பீகாக்காக நடித்த ஃபிராங்க் தார்ன்டன் அப்போது உயிருடன் இருந்தார்.