வெள்ளி வீரனும் அட்டை சேர்ப்பவர்களும்

அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நாயகர்களில் எனக்குப் பிடித்தவன் சில்வர் சர்ஃபர். 1966 மார்ச் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48ஆம் இதழில் அறிமுகமானான். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பேசி வைத்த கதையில் இவன் இல்லை; படம் வரையும்போது கிர்பியே சேர்த்துவிட்டார்.

பெயரில்தான் வெள்ளி. அக்கால மட்டக் காகிதத்தில் வெள்ளி மினுக்கைக் காட்ட வழியில்லை. வெள்ளையும் வெளிர்நீலமும் போட்டுச் சமாளித்தார்கள். 1990இல் இம்பெல் நிறுவனம் மார்வெல் அட்டைகளை வெளியிட்டது. 162 சாதாரண அட்டைகள், 5 ஹாலோகிராம் அட்டைகள். அந்த ஐந்தில் ஒன்று இவனுக்கு! அட்டையைச் சற்றுச் சாய்த்தால் உடம்பு மின்னும். 1992இல் காமிக் இமேஜஸ் நிறுவனம் இவனுக்கென்றே பளபளக்கும் அட்டைத் தொகுப்பு ஒன்றைப் போட்டது.

தீப்பெட்டிப் படம் சேர்த்த நம் தலைமுறைக்கு இந்த ஆசை புரியும். ஆனால் மினுக்கும் அட்டைகள் வேறு பலருக்கும் வந்தன. இவன் கதை வேறு. கிரகங்களை விழுங்கும் கலாக்டஸிடமிருந்து தன் கிரகத்தைக் காப்பாற்ற, அவனுக்கே தூதனாகப் போனவன். அந்த வெள்ளி உடம்பு கலாக்டஸ் கொடுத்தது. ஊருக்காகத் தன் சுதந்திரத்தையே கொடுத்ததன் அடையாளம் அது. கதை தெரிந்தவர் அட்டையைச் சாய்த்துப் பார்க்கும்போது மின்னுவது அதுதான் என்பது என் எண்ணம்.